இ-பாஸில் இல்லாத காரணம்: ஊரடங்கும் மனைவியர் மீதான வன்முறையும்

2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கிய சில வாரங்களிலேயே, தேசிய மகளிர் ஆணையத்துக்கு வந்த குடும்ப வன்முறைப் புகார்கள் ஏறத்தாழ இரட்டித்தன. பிப்ரவரி 27 முதல் மார்ச் 22 வரை 123 புகார்கள். மார்ச் 23 முதல் ஏப்ரல் 16 வரை 239. இவ்வுயர்வையே வன்முறையின் அளவாகக் கொள்வது பிழை. புகார் செய்யத் தனியாகச் சில நிமிடமாவது வேண்டும், தனக்கென்று ஒரு கைப்பேசி வேண்டும். கணவன் நாள் முழுதும் வீட்டிலிருக்கையில் இரண்டும் வாய்த்தவர்கள் சிலரே. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசி உள்ள பெண்கள் 54 விழுக்காடுதான். வன்முறைக்கு ஆளானவர்களில் 77 விழுக்காட்டினர் உதவி கேட்கவுமில்லை, எவரிடமும் சொல்லவுமில்லை.

பொருளியலாளர்கள் ரவீந்திரன், மனிஷா ஷா இருவரின் ஆய்வு இங்கே முக்கியமானது. 2020 மே மாதத்தில், கட்டுப்பாடுகள் தளர்ந்த பச்சை மண்டலங்களோடு ஒப்பிட, கட்டுப்பாடுகள் மிகக் கடுமையான சிவப்பு மண்டல மாவட்டங்களில் குடும்ப வன்முறைப் புகார்கள் 131 விழுக்காடு கூடின. பலரும் மேற்கோள் காட்டுவது இந்த எண்ணைத்தான். அதைவிட யோசிக்க வைப்பது இன்னொரு முடிவு: மனைவியை அடிப்பது தகும் என்று கருதும் கணவர்கள் மிகுந்த மாவட்டங்களில் புகார்கள் அதிகமாகக் கூடின, அப்படிக் கருதும் மனைவியர் மிகுந்த மாவட்டங்களில் உயர்வு குறைவு. அங்கே அடி குறைந்தது என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

குடிதான் காரணம் என்பார்கள். அந்த 239 புகார்களும் ஏறக்குறைய முழுவதுமாக மதுக்கடைகள் மூடிக்கிடந்த நாட்களில் வந்தவை. கள்ளச்சாராயத்தைக் கணக்கில் சேர்த்தாலும் அந்த வாதம் நொண்டுகிறது.

என் வாதம் வேறு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாதுகாப்பு அலுவலரையும் குடியிருப்பு உரிமையையும் தந்தது. ஆனால் அடிபட்ட பெண் முதலில் தேடிப்போவது தாய்வீட்டை. பிள்ளையை இடுப்பிலும் துணிப்பையைத் தோளிலும் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவாள். பத்து நாள் கழித்துப் பெரியவர்கள் பேசி, 'அனுசரிச்சுப் போம்மா' என்று திருப்பி அனுப்புவார்கள். அதில் நியாயம் கிடைப்பது அரிது. ஆனாலும் கை ஓங்கிய இரவுக்கும் அடுத்த இரவுக்கும் நடுவே ஒரு தூரம் விழும். சட்டம் எட்டாத இடத்தில் பெண்ணைக் காத்தது அந்தத் தூரமே.

ஊரடங்கு பறித்தது இதைத்தான். பஸ் நின்றது. தமிழ்நாட்டில் மாவட்டம் தாண்ட இ-பாஸ் எனும் இணையவழி அனுமதி வேண்டியிருந்தது. ஏற்கப்பட்ட முதன்மையான காரணங்கள் திருமணம், நெருங்கிய உறவினர் இறப்பு, மருத்துவ அவசரம். கல்யாணத்துக்குப் போக அனுமதி உண்டு, கட்டியவன் அடிக்கிறான் என்று தப்பிப்போக விண்ணப்பத்தில் இடமில்லை. ஆகஸ்ட் 17க்குப் பிறகே விண்ணப்பித்த எவருக்கும் பாஸ் தரப்பட்டது. செப்டம்பர் 1 முதல் மாவட்டங்களுக்கிடையே அதுவும் தேவையற்றதாயிற்று.

உதவி எண்களைப் பெருக்குவது நல்லதே; போதாது. அடுத்த பேரிடர் ஆணையில் வன்முறையிலிருந்து வெளியேறுதல் பயணக் காரணமாக, சான்று கேட்காமல் ஏற்கப்பட வேண்டும். பாதுகாப்பு அலுவலர் பணி அத்தியாவசியப் பணிகளின் பட்டியலில் முதல் நாளே இருக்க வேண்டும்.