இலண்டன் தெருக்களில் நிலக்கரிச் சுவடுகள்

வரலாறு ஏட்டில் மட்டும் இருப்பதன்று, காலடியிலும் கிடப்பது. இலண்டன் மாநகரின் பழைய குடியிருப்புகளே இதற்குச் சான்று.

அங்கே வீட்டு வாயிலையொட்டிய நடைபாதையில், ஏறத்தாழ ஓரடி அகலமுள்ள வட்ட இரும்பு மூடிகளைக் காணலாம். கீழே இருப்பது கரியறை. கரிக்காரர் வீட்டினுள் நுழையாமலே மூட்டையை அத்துளைவழிக் கொட்டிச் செல்வார். துளை சிறிது; ஆதலின் திருடன் புக இயலாது. மூடி வட்டம், ஆதலின் எப்படித் திருப்பினும் உள்ளே விழாது.

அண்ணாந்து நோக்கினால், கூரைமேல் வரிசையாய்ப் புகைபோக்கிக் குழல்கள். அவற்றை எண்ணினால் வீட்டிலிருந்த கணப்புகளை ஏறக்குறைய எண்ணியவராவோம். அக்குழாய்களுக்குள் ஏறிக் கரி துடைத்தோர் சின்னஞ்சிறு பாலகர். 21 வயதுக்குட்பட்டோரை ஏறவிடலாகாதென 1840-இல் சட்டம் வந்தும் கொடுமை தொடர்ந்தது. 1875-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரே அது ஒழிந்தது.

புகையோ ஒழியவில்லை. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை நகரை மூடிய நச்சுப்பனியில் 4,000 பேர் மாண்டனர் என்பது அன்றைய கணக்கு. 12,000 வரை இருக்கலாமென்பது பிற்கால ஆய்வு. அதன் விளைவே 1956-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம்.

பிரதமர் வாழும் டௌனிங் தெரு 10-ஆம் எண் இல்லத்தின் செங்கல் உண்மையில் மஞ்சள் நிறத்தது. புகையால் கறுத்திருந்த அதைச் செப்பனிடுகையில் உண்மை தெரிந்தது. ஆயினும், பழகிய தோற்றம் கருதி, மீண்டும் கறுப்பே பூசினர்.

கரியின் நிறத்தைக் காத்தனர். கரி துடைத்த சிறுவருள் பெரும்பாலோர் பெயரையும் காத்தாரிலர். வகுப்பில் இவ்வரலாறு சொல்லும் ஆசிரியர், மாணவரின் வயதொத்த அச்சிறுவரையும் நினைவூட்டுதல் கடனாகும்.