செஞ்சியின் தூண்கள்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றி எட்டு கருங்கல் தூண்கள் நிற்கின்றன. மாலையில் காற்று வாங்க வருகிறவர்கள் அவற்றின் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தூண்களுக்குச் சொந்த ஊர் புதுச்சேரி அல்ல. ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் மேற்கே உள்ள செஞ்சியிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக் கொண்டுவந்தவை அவை.

இன்று செஞ்சி என்றால் வழியில் கோட்டை பார்க்க இறங்கும் ஊர். 1597இல் நாயக்க மன்னர் கிருஷ்ணப்பரின் காலத்தில் இங்கே வந்த இயேசு சபைப் பாதிரியார் பிமென்டாவுக்கோ, லிஸ்பனைத் தவிர போர்ச்சுகலில் எந்த நகரமும் இதற்கு ஈடாகத் தோன்றவில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் ஒரே மதிலால் வளைத்து, நடுவே கடைத்தெருவும் கோயிலும் குளமுமாக வாழ்ந்த தலைநகரம் அது.

பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரியோ ஒரு மீனவ ஊரின் ஓரத்தில், மற்றவர் தயவில் பிறந்தது. பீஜப்பூர் சுல்தானின் ஆளுநர் ஷேர்கான் லோடி இடம் கொடுக்க, 1674இல் பிரான்சுவா மர்த்தேன் அங்கே குடியேறினார். 1677இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்ததும், அங்கேயே இருக்க அவரிடம் அனுமதி கேட்க வேண்டியதாயிற்று. 1693இல் டச்சுக்காரர்கள் புதுச்சேரியைக் கைப்பற்றினார்கள். அதற்கு முன்பே செஞ்சியில் முற்றுகைக்குள் பணமுடையோடு இருந்த சிவாஜியின் மகன் ராஜாராமிடம் அவர்கள் விலை பேசி முடித்திருந்தார்கள். செஞ்சிக் குன்றின்மேல் யார் இருக்கிறார்களோ அவர்கள்தான் கடற்கரையில் யார் இருப்பது என்று முடிவு செய்தார்கள். புதுச்சேரி வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை விரைவாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது வருத்தம் தருகிறது.

ராஜாராமை வளைத்த முகலாயப் படைக்குக் கோட்டை விழ எட்டு ஆண்டுகள் ஆயின. 1698இல்தான் செஞ்சி விழுந்தது.

பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒரே இரவு போதுமானதாக இருந்தது. 1750 செப்டம்பரில், திருவதிகை அருகே தோற்ற, ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட முகமது அலியின் படையில் மிஞ்சியவர்கள் செஞ்சிக்கு ஓடிவந்திருந்தார்கள். ஆளுநர் துய்ப்ளே அவர்களைத் துரத்தச் சொன்னார். முன்படையோடு வந்த புஸ்ஸி கோட்டைக்கு வெளியே நின்றவர்களை முறியடித்தார். தளபதி தோத்தேயின் பெரும்படையும் பின்னால் வந்து சேர்ந்தது. இருட்டியதும் வெடிவைத்து வாசல் கதவைப் பிளந்து உள்ளே புகுந்தார்கள். தெருக்களில் சண்டை, மூன்று குன்றுகளின் மேலிருந்தும் குண்டுமழை. நிலா மறையும்வரை பொறுத்திருந்து, மறைந்ததும் மூன்று குன்றுகளிலும் ஒரே நேரத்தில் ஏறினார்கள். விடிந்தபோது கோட்டை அவர்கள் கையில் இருந்தது. பகலில் அந்தச் செங்குத்துப் பாறைகளை நிமிர்ந்து பார்த்தபோது, தாங்கள் ஏறியதை அவர்களாலேயே நம்ப முடியவில்லை என்று ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஓர்ம் எழுதுகிறார்.

அந்த ஓர் இரவு தக்காணம் முழுவதையும் அசைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் செஞ்சியிலிருந்து கிளம்பிய பிரெஞ்சுப் படை நிஜாம் நாசிர் ஜங்கின் பாசறையைத் தாக்கியது. அவர் பக்கத்து நவாபுகளே சதியில் சேர்ந்திருந்ததால் அவர் கொல்லப்பட்டார். வெற்றி நடந்த இடத்தில் துய்ப்ளே தம் பெயரில் ஓர் ஊரையே நிறுவத் தொடங்கினார். 1752இல் கிளைவ் அதை இடித்துத் தள்ளினார். அதே ஆண்டு செஞ்சியைப் பிடிக்க வந்த ஆங்கிலப் படையோ முடியாமல் திரும்பி, விக்கிரவாண்டியில் பிரெஞ்சுக்காரர்களிடம் அடிவாங்கியது.

ஆனால் செஞ்சி பிரெஞ்சுக்காரர்களிடம் பெரிய விலை வாங்கியது. அங்கே அவர்கள் நிறுத்திய ஐரோப்பியச் சிப்பாய்கள் ஒரு நேரத்தில் நூறு பேருக்கு மேல் இருந்ததில்லை. ஆனாலும் பத்து ஆண்டுகளில் 1,200 பேர் காய்ச்சலுக்கும் கெட்ட காற்றுக்கும் பலியானார்கள் என்கிறார் ஓர்ம். 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. செஞ்சியை மட்டும் மக்ரெகர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பிரெஞ்சுக் கொடியின் கீழ் மேலும் சில வாரங்கள் தாங்கிப் பிடித்தார். ஏப்ரல் 5இல், மரியாதையோடு வெளியேற விடவேண்டும் என்ற நிபந்தனையில் ஒப்படைத்தார். முற்றுகையிட்ட ஆங்கிலத் தளபதி ஸ்மித் உடனே ஒப்புக்கொண்டதற்கும் அந்தக் காற்றுதான் காரணம். அவருடைய சிப்பாய்களில் 300 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள்.

தோற்ற புதுச்சேரியை ஆங்கிலேயர்கள் தரைமட்டமாக்கினார்கள். இயேசு சபையார் எழுப்பிய பெரிய மாதா கோயிலும் அதில் இடிந்தது. இன்று மிஷன் வீதியில் நாம் பார்க்கும் ஜென்மராக்கினி மாதா பேராலயம் அதன்பின் அதே இடத்தில் எழும்பி, 1791இல் அர்ச்சிக்கப்பட்டது. ஒரு நகரம் மீண்டும் கட்டப்பட்டது. இன்னொரு நகரம் கட்டப்படவே இல்லை.

கீழ்க்கோட்டையில் கிழக்கே புதுச்சேரி வாசல் இருக்கிறது. அதற்கு அருகிலேயே வேங்கடரமணர் கோயில். கோபுர வாசலின் பக்கச் சுவர்களில் ராமாயணமும் பாற்கடல் கடைதலும் சிறு சிறு கட்டங்களாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே நுழைந்தால் கருவறையில் மூர்த்தி இல்லை. மண்டபங்களில் தூண்கள் நிற்க வேண்டிய இடங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. கடற்கரையில் நிற்கும் தூண்கள் இங்கிருந்து போனவை. புதுச்சேரியில் 1870இல் துய்ப்ளேவுக்குச் சிலை வைத்தபோது அதன் பீடத்துக்கும் செஞ்சிக் கோயில் கற்களே பயன்பட்டன. தம் பெயரால் எழுப்பிய ஊர் அழிந்துபோக, அவர் பிடித்த ஊரின் கல்மேல் அவர் இன்றும் கடற்கரைச் சாலையின் தென்கோடியில் நிற்கிறார்.

மிஞ்சியதும் தப்பியது அருந்தப்பு. 1803இல் தென்னார்க்காடு கலெக்டர் காரோ, கோட்டையை இடித்துவிடலாம் என்று யோசனை சொன்னார். நல்லவேளையாக அது நடக்கவில்லை. 2025 ஜூலையில், மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக, தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி மட்டும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பட்டியலை முடிவு செய்த கூட்டம் நடந்தது பாரிஸில். செஞ்சிக்கு இனி வெளியூர்ப் பயணிகள் கூடுதலாக வருவார்கள். அவர்களில் பலர் அடுத்து புதுச்சேரிக்கும் போவார்கள். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுத் தூண்களும் எந்த ஊரிலிருந்து, யாரால் கொண்டுவரப்பட்டவை என்று அவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளும்படி, எல்லோர் கண்ணிலும் படும் பலகை ஒன்றைத் தமிழிலும் பிரெஞ்சிலும் அங்கே வைக்க வேண்டும். அதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகிவிடாது.