நடைவிரிப்பின் நிறமும் காலமும்

தமிழில் 'நடைபாவாடை' என்றொரு சொல் உண்டு. அரசர், சமய ஆசிரியர், மணமக்கள் ஆகியோரின் கால் வெறுநிலத்தில் படாதவாறு வழிநெடுக விரிக்கப்படும் நீண்ட துணியை அது குறிக்கும். அதனை விரிக்கும் பணி ஊர் வண்ணாருக்கு உரியதாக இருந்தது. விருந்தினர் வரிசையாக அமர்ந்து உண்பதற்குப் 'பந்திப்பாய்' இருந்தது. நீளம் மிகுந்து அகலம் குறைந்த விரிப்பு, நடப்பதற்காயினும் இருப்பதற்காயினும், தமிழர் வாழ்வுக்குப் புதியதன்று. எனினும் இன்று நகரத்து இல்லங்களின் இடைகழியிலும் படிக்கட்டிலும் இடம்பெறும், வணிகர் 'ரன்னர்' என வழங்கும், கம்பளி முடிச்சிட்டு நெய்த நீண்ட விரிப்பு வேறொரு நிலத்தின் வீட்டமைப்பில் உருப்பெற்றதாகும். இக்கட்டுரை அதனை நடைவிரிப்பு எனக் குறிக்கிறது.

பழைய நடைவிரிப்பொன்றைத் தம் இல்லத்திற்குத் தேர்வோர் முதற்கண் அதன் நிறத்தையே நோக்குவர். சுவரின் நிறத்தோடும் மரப்பொருள்களோடும் அது இயைகிறதா என்பதே அவர்தம் வினாவாக அமைகிறது. ஆனால் அந்நிறம் அழகு மட்டுமன்று. விரிப்பின் காலத்தையும், நெய்தவர் கைக்குக் கிட்டிய சாயத்தையும், வாங்கியோர் விதித்த விருப்பத்தையும் ஒருங்கே காட்டும் ஆவணம் அது. அவ்வாவணத்தை எவ்வாறு படிப்பது என்பதும், அதில் யார் யார் கைவைத்துள்ளனர் என்பதும் இங்கு ஆராயப்படுகின்றன.

வடிவத்தின் தோற்றம்

பாரசீகத்தின் மரபான இல்லங்களில் வரவேற்பு அறை நீண்டிருக்கும். அதனை ஒரே பெரிய கம்பளத்தால் மூடும் வழக்கம் இல்லை. நான்கு விரிப்புகள் சேர்ந்து ஒரு தொகுதியாக அமைந்தன. நடுவே 'மியான் ஃபர்ஷ்' எனப்பெறும் பெருவிரிப்பு, ஏறத்தாழ 18 அடி நீளமும் 8 அடி அகலமும் கொண்டது. அதன் இருமருங்கிலும் அதே நீளமும் 3 அடி அகலமும் உடைய இரு நடைவிரிப்புகள். இவற்றின் தலைப்பக்கத்தில் குறுக்காக, ஏறத்தாழ 12 அடிக்கு 6 அடி அளவில், 'கெல்லேகி'. 'கெல்லே' என்பது தலையைக் குறிக்கும் பாரசீகச் சொல். சிறந்த விருந்தினரும் மூத்தோரும் அமரும் இடம் அது. மருங்கில் கிடந்த நடைவிரிப்புக்கு 'கெனாரே' என்று பெயர். 'கெனார்' என்றால் ஓரம். இந்தியில் கரையைக் குறிக்கும் 'கினாரா' என்பதும் இதன் உறவே.

கெனாரே பெரிதும் நடப்பதற்கே பயன்பட்டது. நடுவிரிப்பை மிதியாமல் ஓரமாகச் சென்று இருக்கையை அடைவது முறை. இதிலிருந்து இரு செய்திகள் புலனாகின்றன. ஒன்று, அது தனிப்பொருளாகப் பிறக்கவில்லை, இணையாகவே நெய்யப்பெற்றது. மற்றொன்று, அது மிதிபடுவதற்கென்றே பிறந்தது.

எல்லா நடைவிரிப்பும் இத்தொகுதியின் பகுதி என்று கொள்ளலாகாது. சிற்றூர்த் தறிகளும் நாடோடிகளின் நிலத்தறிகளும் அகலம் குறைந்தவை. ஆயின் பாவின் நீளத்தைக் கூட்ட இயலும். வடமேற்கு ஈரானின் சராப், கராஜா, ஹமதானைச் சூழ்ந்த ஊர்கள், மலாயிர், காகசசு மலைநாட்டின் கராபாக் முதலிய இடங்களிலிருந்து நீண்ட விரிப்புகள் மிகுதியாக வந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். அவற்றுள் சராப் விரிப்பின் ஒட்டகநிறத் தளம் பழகிய கண்ணுக்குத் தொலைவிலேயே தெரியும். தக்காணத்தில் வரிசைத் தொழுகைக்கென நெய்யப்பட்ட, பல மாடங்கள் அடுத்தடுத்து அமைந்த 'சஃப்' விரிப்பு வடிவால் நீண்டதாயினும் பயனால் வேறானது. அது பந்திப்பாயின் இனம்.

மிதிபட்டதும் மிதிபடாததும்

மிகப் பழைய கம்பளங்களுள் எஞ்சியவை எவை என நோக்கின் ஓருண்மை தெளிவாகும். அக்பரின் காலத்தில் ஆக்ரா, ஃபத்தேபூர், லாகூர் ஆகிய நகரங்களில் கம்பள நெசவு சிறந்திருந்ததை அபுல் ஃபசலின் 'ஆயினி அக்பரி' குறிக்கிறது. லாகூரில் நெய்யப்பெற்று 1634ஆம் ஆண்டில் இலண்டனின் கச்சை செய்வோர் குழுமத்துக்கு வழங்கப்பட்ட கம்பளம் இன்றும் உள்ளது. அதன் நீளம் 7 மீட்டருக்கு மேல். அகலம் அதில் மூன்றில் ஒரு பங்கே. நடைவிரிப்போ என ஐயுறத்தக்க வடிவம். ஆனால் அது மேசை மீது விரிப்பதற்கென அளவு சொல்லி நெய்விக்கப்பட்டது. எவர் காலும் அதன்மேல் படவில்லை. சப்பானின் கியோட்டோ நகரில் கியோன் திருவிழாத் தேர்களில் தொங்கவிடப்படும் தக்காணத்துக் கம்பளங்களும் அவ்வாறே. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கடல்வழி சென்ற அவை ஆண்டுக்கொரு முறை வெளிவந்து மீண்டும் பேழை புகுவதால் நிறம் காத்தன.

நடைவிரிப்புக்கு அந்தப் பேறு இல்லை. மிதிபட்டுத் தேய்ந்தவை எறியப்பட்டன. எனவே இன்று விற்பனைக்கு வருவனவற்றுள் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியையும் சார்ந்தவை. உலகின் சாயத்தொழில் தலைகீழாக மாறிய காலமும் அதுவே. நடைவிரிப்பின் நிறத்தைக் கருத்தூன்றிப் படிக்க வேண்டியதன் தேவை இங்கேதான் எழுகிறது.

நிறம் தரும் சான்று

பழைய சாயக்காரரின் நிறங்கள் எண்ணிக்கையில் மிகுதியானவை அல்ல. சிவப்புக்கு மஞ்சிட்டி இனத்து வேர், நீலத்துக்கு அவுரி, மஞ்சளுக்கு 'இஸ்பரக்' முதலிய பூச்செடிகளும் மாதுளைத் தோலும், பழுப்புக்கு அக்ரோட்டுக் காயின் மேற்தோடு. பச்சை என்பது மஞ்சளும் நீலமும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தோய்ந்ததே. படிகாரத்தில் தோய்த்த கம்பளி சாயத்தை இறுகப் பற்றும். முகலாயக் கம்பளங்களின் ஆழ்ந்த செந்தளம் பெரும்பாலும் அரக்குப் பூச்சியிலிருந்து பெற்றது. ஒவ்வொரு முறை சாயப்பானை ஏற்றும்போதும் நிறம் சிறிது மாறும். அம்மாற்றம் விரிப்பில் குறுக்குப் பட்டையாகத் தோன்றும். 'அப்ராஷ்' எனப்படும் இதனைக் குறையென ஒதுக்குவோர் உளர். அது குறையன்று, இங்கு ஒரு பானை முடிந்தது, மறு பானை தொடங்கியது என்று சாயக்காரர் இட்ட கையொப்பம் எனலாம்.

மற்றொரு சான்று கருப்பும் கரும்பழுப்பும். அந்நிறங்களைப் பெற இரும்புக் கலவை சேர்ப்பர். இரும்பு நாளடைவில் கம்பளியை அரிக்கும். எனவே பழைய விரிப்பில் கரிய கோடுகள் பள்ளமாகவும் சூழ்ந்த நிறங்கள் மேடாகவும் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே இதனை அறியலாம்.

1856இல் வில்லியம் பெர்க்கின் முதல் அனிலின் சாயத்தைக் கண்டறிந்தார். அடுத்த சில ஆண்டுகளில் மெசந்தா முதலியன வந்தன. 1868இல் கிரேபே, லீபர்மான் என்னும் செருமானிய வேதியியலார் மஞ்சிட்டி வேரின் முதன்மை நிறப்பொருளாகிய அலிசரினைச் செயற்கையாக ஆக்கினர். சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிக்குச் செந்நிறம் தந்த சாயவேரின் நிறப்பொருளும் அலிசரினே. ஆதலின் பாரசீகத்து வேர் பயிரிட்டோரையும் இக்கரையில் சாயவேர் தோண்டியோரையும் ஒரே கண்டுபிடிப்பு தாக்கிற்று. 1897இல் செயற்கை அவுரி விற்பனைக்கு வந்தது.

தொடக்ககாலச் செயற்கைச் சாயங்கள் ஒளியில் நில்லாதவை; சில நீரில் கசிபவை. ஊதா சாம்பலாகும், ஆரஞ்சு பளிச்சென உறுத்தும், சிவப்பு பக்கத்து வெண்ணூலில் வழியும். பாரசீக அரசு 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டுகளில் இவற்றைத் தடுக்க ஆணையிட்டது. பின்னர் அத்தகைய கம்பளங்களின் ஏற்றுமதிக்குத் தனி வரியும் விதித்தது. சாயக்காரரின் கையை வெட்டினர் என்னும் கதை வணிகர் நூல்களில் தவறாமல் இடம்பெறும். அதனைக் கதையாகவே கொள்வது நன்று.

தேர்வோர் செய்யத்தக்க ஆய்வு எளிது. விரிப்பை மடித்து முடிச்சின் அடியைப் பார்த்தல் வேண்டும். நுனி மங்கி அடி முற்றிலும் வேறு நிறமாக இருப்பின் தொடக்ககாலச் செயற்கைச் சாயத்தை ஐயுறலாம். இயற்கைச் சாயமும் வெயிலில் மங்கும். ஆனால் அதே நிறத்தின் மென்சாயலாகவே மங்கும். நனைந்த வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும். செயற்கைச் சாயம் என்றாலே இழிவு எனல் பொருந்தாது. 20ஆம் நூற்றாண்டில் பரவிய குரோமியச் சாயங்கள் உறுதியானவை. அவற்றால் நெய்த நல்ல விரிப்புகள் பல. ஆயின் அவற்றை 150 ஆண்டுப் பழமையானவை என விலை சொல்வோரிடம் விழிப்பு வேண்டும்.

சந்தையின் கை

நிறத்தை மாற்றியது வேதியியல் மட்டுமன்று. மான்செசுட்டரைச் சார்ந்த சீக்ளர் நிறுவனம் 1883இல் சுல்தானாபாத்தில் (இன்றைய அராக்) நெசவை மேற்கொண்டது. ஐரோப்பிய வரவேற்பறைக்கு ஏற்ற அளவும் மென்னிறமும் அங்கிருந்தே நெசவாளருக்கு விதிக்கப்பட்டன. இதனினும் வியப்புக்குரியது அமெரிக்கச் சந்தையின் செயல். 1920களில் சாரூக் விரிப்புகளை நியூயார்க்கில் வேதிப்பொருளால் கழுவி நிறத்தை வெளிறச் செய்தனர். பின்னர் தளம் முழுவதும் தூரிகையால் அடர்சிவப்புத் தீட்டினர். இத்தகைய விரிப்பில் முன்பக்கம் செறிவாகவும் பின்பக்கம் மங்கலாகவும் இருக்கும். இயல்பான முதுமையில் நிலைமை இதற்கு நேர்மாறு. முகத்தைக் காட்டி விற்கப்படும் பொருளின் முதுகை நோக்காமல் வாங்குதல் தகாது.

இந்தியாவில் இக்கை வேறு வகையாகப் புகுந்தது. 1851ஆம் ஆண்டு இலண்டன் பெருங்காட்சிக்குப் பின் இந்தியக் கம்பளத்துக்கு மேலைநாட்டில் தேவை மிக்கது. மலிவான உழைப்பைத் தேடிய அரசு அதனைச் சிறைச்சாலையில் கண்டது. ஆக்ரா, லாகூர், எரவாடா முதலிய சிறைகளில் கைதிகள் தறியில் அமர்த்தப்பட்டனர். விக்டோரியாவின் 1887ஆம் ஆண்டுப் பொன்விழாவை ஒட்டி ஆக்ராச் சிறையில் நெய்யப்பெற்ற, ஏறத்தாழ 2 டன் எடையுள்ள பெருங்கம்பளம் வின்சர் கோட்டையில் உள்ளது. சிறைத்தறிகளின் போட்டி மரபுவழி நெசவாளரை நலிவித்தது என்று ஜார்ஜ் பேர்ட்வுட் 1880இலேயே தம் நூலில் கண்டித்தார். ஏலூரு, வாலாஜாபேட்டை, தஞ்சையை அடுத்த அய்யம்பேட்டை ஆகிய ஊர்களின் முடிச்சுக் கம்பள நெசவும் இக்காலத்துச் சந்தை நெருக்கடிக்கு ஆட்பட்டதே. ஹென்றி ஹாரிசு 1908இல் தென்னிந்தியக் கம்பள நெசவு பற்றித் தனிநூல் எழுதினார்.

நகைமுரண் என்னவெனில், அன்று பழிக்கப்பட்ட சிறைக் கம்பளமே இன்று தொன்மைப் பொருள் சந்தையில் உயர்விலை பெறுகிறது. நேர்த்தியும் நல்ல சாயமும் பலவற்றில் உண்மையாகவே உள்ளன. ஆனால் நெய்தவரின் பெயர் எதிலும் இல்லை. 'ஆக்ரா' என்னும் ஊர்ப்பெயர் மட்டுமே நிற்கிறது.

நூறாண்டு கடந்தவற்றைத் தொன்மைப் பொருள் என்றும் குறைந்தவற்றை 'வின்டேஜ்' என்றும் வணிகர் பிரிப்பது வழக்கம். இந்தியாவில் முதற்பிரிவுக்குச் சட்டப்பொருளும் உண்டு. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டத்தின்படி நூறாண்டுக்குக் குறையாத கைவினைப் பொருள் தொல்பொருளாகும். தனியார் அதனை வெளிநாட்டுக்கு அனுப்புதல் கூடாது.

இழந்த சாய அறிவு முற்றும் மீளாததன்று. செருமானியரான ஹரால்ட் போமர் பழைய அனத்தோலிய விரிப்புகளின் நூலிழைகளை நிறப்பிரிகை முறையால் ஆய்ந்து, எந்தச் செடியிலிருந்து எந்நிறம் பெறப்பட்டது எனக் கண்டார். 1981இல் இசுதான்புல்லின் மர்மரா பல்கலைக்கழகத்தோடு இணைந்து 'தோபாக்' திட்டம் தொடங்கியது. தம் பாட்டியர் அறிந்திருந்த சாயமுறையைச் சிற்றூர்ப் பெண்கள் ஆய்வகத்தின் வழியாக மீளப் பெற்றனர்.

பிரிந்த இணைகளுக்கு அத்தகைய மீட்சி அரிது. பாரசீக அறையின் தொகுதி கலைந்தபோது நடுவிரிப்பு ஒரு நாட்டுக்கும் கெனாரேக்கள் தனித்தனி வீடுகளுக்கும் சென்றன. ஒன்றாக விற்பதைவிட இரண்டாக விற்பது வணிகருக்கு எளிதாயிற்று. நீளம் மிக்கவை இடைகழிக்கேற்ப வெட்டவும்பட்டன. ஒரு முனையில் மட்டும் குறுக்குக் கரை இல்லாத விரிப்பு அவ்வாறு வெட்டுண்டதாகலாம். இணையின் இரண்டிலும் ஒரே பானையின் நூல் சென்றிருப்பின், ஒன்றில் நீலம் வெளிறிய அதே முழத்தில் மற்றொன்றிலும் நீலம் வெளிறியிருக்கும்.