பொருண்மை அழியா விதி

வேதிவினைக்கு முன் இருந்த பொருள்களின் மொத்த நிறையும், வினை முடிந்தபின் கிடைக்கும் பொருள்களின் மொத்த நிறையும் சமம் என்பது இவ்விதி. பள்ளி மாணவருக்கும் தெரிந்த இந்த உண்மை நிலைபெற வெகுகாலம் பிடித்தது. விறகு எரிந்தால் மிஞ்சுவது ஒரு பிடி சாம்பல். இரும்பு துருப்பிடித்தாலோ எடை கூடுகிறது. இரண்டிலும் கண்ணுக்குத் தெரியாத காற்றுக்குப் பங்குண்டு. அதையும் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் எளிதில் பிடிபடவில்லை.

1673இல் ராபர்ட் பாயில், மூடிய கண்ணாடிக் குடுவைகளில் உலோகங்களைச் சூடாக்கிய சோதனைகளை வெளியிட்டார். குடுவையைத் திறந்து நிறுத்தபோது எடை கூடியிருந்தது. தீயின் நுண்துகள்கள் கண்ணாடியை ஊடுருவி உலோகத்தில் சேர்ந்தன என்று அவர் முடிவுகட்டினார். திறந்த கணத்தில் உள்ளே புகுந்த காற்றை அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

ரஷ்யாவின் மிக்கைல் லொமனோசொவ் 1748இலேயே கணித மேதை ஆயிலருக்கு எழுதிய கடிதத்தில் இக்கருத்தைச் சொன்னார். 1756இல் குடுவையைத் திறக்காமலே நிறுத்து, எடை மாறவில்லை என்று கண்டார். மேற்கு ஐரோப்பிய வேதியியலார் அதை அறியவில்லை. முந்திக்கொண்டவர் அவரே என்றாலும், விதியை வேதியியலின் அடித்தளமாக்கிய பெருமை பிரான்சின் ஆந்துவான் லவாய்சியேவுக்கே உரியது.

லவாய்சியே 1774இல் வெள்ளீயத்தை மூடிய கலத்தில் சூடாக்கினார். மொத்த எடை மாறவில்லை. கலத்தைத் திறந்ததும் வெளிக்காற்று விர்ரென்று உள்ளே பாய்ந்தது. அதனால் கூடிய எடையும், வெள்ளீயத்தில் கூடிய எடையும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தன. உலோகம் காற்றின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. எரியும் பொருளிலிருந்து ஃபுளோஜிஸ்டன் வெளியேறுகிறது என்ற பழைய கொள்கை இத்தகைய சோதனைகளால் ஆட்டம் கண்டது. 1789இல் வெளிவந்த தம் வேதியியல் நூலில் அவர் இவ்விதியை எடுத்துரைத்த இடம் சுவையானது: திராட்சைச் சாறு நொதித்து மதுவாவதை விளக்கும் அத்தியாயம். நொதிக்கும் சர்க்கரை, உண்டாகும் சாராயம், வெளியேறும் வாயு எல்லாவற்றுக்கும் வரவு செலவு எழுதினார். வரி வசூல் நிறுவனத்தில் பங்குதாரராக இருந்த அவர், அந்தத் தொடர்பின் பேரிலேயே 1794 மே 8 அன்று கில்லட்டினில் கொல்லப்பட்டார்.

பெர்லினில் ஹான்ஸ் லாண்டோல்ட் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் 15 வினைகளைச் சோதித்தார். தொடக்கத்தில் தென்பட்ட சிறு எடைக்குறைவுக்கு, சூடேறிய கண்ணாடி பழைய அளவுக்கு மெல்லத் திரும்புவதும் அதன்மேல் படியும் ஈரமுமே காரணம் என்று கண்டுபிடித்தார். மாற்றம் ஏதேனும் இருந்தாலும் ஒரு கோடியில் ஒரு பங்கைத் தாண்டாது என்பது 1908இல் அவர் எட்டிய முடிவு.

அதற்குள், 1905இல், நிறையும் ஆற்றலும் ஒன்றுக்கொன்று சமானம் என்று ஐன்ஸ்டைன் காட்டியிருந்தார். அதன்படி வெப்பத்தை வெளியிடும் வினையில் நிறை துளியளவு குறைந்தே தீரும். 12 கிராம் கரி முழுதும் எரிந்தால் குறைவது ஒரு கிராமில் நூறு கோடியில் சுமார் நான்கு பங்கு. லாண்டோல்ட் எட்டிய எல்லையில் இது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே.