வைக்கோல் மனிதன் எஃகு மனிதன் ஆன கதை



போன மாதம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். விமானங்களுக்கு மென்பொருள் எழுதுகிறானாம். "எந்த மொழியில எழுதுறப்பா?" என்று கேட்டேன். "ஏடா, சார்" என்றான். என்னைத்தான் அதட்டுகிறானோ என்று ஒரு நிமிடம் திகைத்துவிட்டேன்! பிறகுதான் அது ஒரு கணினி மொழியின் பெயர் என்று விளக்கினான். நான் கணினி படித்தவன் அல்ல, ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான். ஆனாலும் அவன் போன பிறகு தேடிப் படித்ததில் ஒரு நல்ல வரலாறு கிடைத்தது. உங்களுக்கும் சொல்லலாமே என்று எழுதுகிறேன்.

1970களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்குப் பெரிய தலைவலி. ஏவுகணை, போர் விமானம், கப்பல், ரேடார் எல்லாவற்றுக்குள்ளும் கணினி புகுந்துவிட்டது. ஆனால் விமானப்படைக்கு ஜோவியல், கடற்படைக்கு சிஎம்எஸ்-2, தரைப்படைக்கு டாக்போல் என்று ஆளுக்கொரு மொழி. (ஜோவியல் என்ற பெயரின் முதல் எழுத்தே அதை உருவாக்கிய ஜூல்ஸ் ஷ்வார்ட்ஸின் பெயரிலிருந்து வந்ததாம்!) கிளை மொழிகளையும் சேர்த்தால் 450க்கு மேல் என்று ஒரு கணக்கு. ஒரு போர் விமானம் இருபது, முப்பது வருடம் பறக்கும். நிரலை எழுதியவர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார். பிழை வந்தால் அதைப் படித்துத் திருத்த ஆள் இருக்காது. உயிரோடு விளையாடும் விஷயம் அல்லவா?

1975 ஜனவரியில் ஒரு பணிக்குழு அமைத்தார்கள். தலைவர் விமானப்படையின் லெப்டினன்ட் கர்னல் வில்லியம் விட்டேக்கர். இங்கேதான் எனக்கு அவர்கள்மேல் மரியாதை வந்தது. உடனே மொழியை உருவாக்க உட்காரவில்லை. "நமக்கு என்ன வேண்டும்?" என்று எழுதுவதற்கே மூன்று வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். எழுதும் பொறுப்பு பெரும்பாலும் டேவிட் ஃபிஷருடையது.

1975 ஏப்ரலில் முதல் வரைவு. பெயர் ஸ்ட்ராமேன், அதாவது வைக்கோல் மனிதன். எல்லோரும் அடித்து வீழ்த்தட்டும் என்றே நிறுத்திய பொம்மை. வந்த குறைகளைச் சேர்த்துத் திருத்தி ஆகஸ்டில் மர மனிதன், 1976 ஜனவரியில் தகர மனிதன், 1977 ஜனவரியில் இரும்பு மனிதன். (அயர்ன்மேன் என்றதும் பேரப்பிள்ளைகள் சினிமாவை நினைக்க வேண்டாம்.) 1978 ஜூனில் எஃகு மனிதன்.

விமானக் கருவிக்கு ஒரு மொழி, பயிற்சிக் கருவிக்கு இன்னொன்று, தகவல் தொடர்புக்கு வேறொன்று என்று தனித்தனியாகத் தேவைப்படும் என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார்கள். எல்லாரிடமும் கேட்டுப் பார்த்தால் தேவைகள் ஒன்றாகவே இருந்தன! ஒரே மொழி போதும் என்ற துணிச்சல் அப்படித்தான் வந்தது. ஏற்கெனவே இருந்த 23 மொழிகளைத் தகர மனிதனோடு ஒப்பிட்டார்கள். ஒன்றுகூடத் தேறவில்லை.

எஃகு மனிதனில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. நிரலை எழுதுபவரின் வசதியைவிட, பின்னால் அதைப் படிப்பவரின் வசதியே முக்கியம் என்கிறது. என்னிடம் கோழிக் கிறுக்கலில் விடைத்தாள் எழுதி அடி வாங்கியவர்கள் இதைக் கவனிக்கவும்.

இதற்கிடையே 1977ல் நான்கு நிறுவனங்களிடம் மொழியை வடிவமைக்கும் பணி போனது. பாரபட்சம் வரக்கூடாது என்று நிறுவனப் பெயரை மறைத்து பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள் என்று பெயரிட்டே மதிப்பிட்டார்கள். நம் பொதுத்தேர்வு விடைத்தாளுக்கு டம்மி நம்பர் போடுவோமே, அதே மாதிரி. கடைசிச் சுற்றுக்குப் பச்சையும் சிவப்பும் வந்தன. 1979 மே மாதம் பச்சை வென்றது. செய்தவர் ஜான் இஷ்பியா, பிரான்ஸ்காரர். அமெரிக்க ராணுவத்தின் மொழியை வடிவமைத்தது ஒரு பிரெஞ்சுக் குழு!

எல்லோரும் கைதட்டிவிடவில்லை. 1975 முதலே ஆலோசனை சொல்லி வந்த டோனி ஹோர் என்ற பேரறிஞர், 1980ல் டூரிங் விருது உரையில், இந்த மொழி அளவுக்கு மீறிச் சிக்கலாகிவிட்டது, இப்போதிருக்கும் நிலையில் ஆபத்தான இடங்களில் பயன்படுத்தாதீர்கள் என்று வெளிப்படையாகவே எச்சரித்தார். அவர் பயந்ததில் நியாயம் உண்டு என்றே எனக்கும் படுகிறது. எல்லோர் கோரிக்கையையும் ஏற்றால் எதுவும் கொஞ்சம் கனத்துத்தான் போகும்.

பெயரைச் சொல்ல மறந்துவிட்டேனே! கவிஞர் பைரனின் மகள் ஏடா லவ்லேஸ், கணினி என்ற ஒன்று வருவதற்கு முன்பே அதற்கான கணக்கு முறையை எழுதியவர். அவர் பிறந்தது 1815 டிசம்பர் 10. அந்த மொழியின் ராணுவத் தர எண்ணும் 1815. அதற்கு ஒப்புதல் கொடுத்த நாள் 1980 டிசம்பர் 10.

தட்டச்சுப் பிழை இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன். மென்பொருள் துறையில் இருப்பவர்கள், நான் ஏதாவது தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.