கேட்பதற்கும் மின்சாரம் வேண்டும்

கம்பியில்லா சென்சார் வலையமைப்பில் ஒரு கருவி அனுப்பும் செய்தியை அடுத்த கருவி வாங்கி, அப்பால் கடத்துகிறது. இந்த ரிலே முறைக்கான கோட்பாடு அரை நூற்றாண்டுக்கு முந்தையது. அனுப்புபவர், பெறுபவர், நடுவில் ஒருவர் என மூன்று முனைகள் கொண்ட தடத்தை வான் டெர் மியூலன் 1971-ல் ஆராய்ந்தார். அதில் எவ்வளவு தகவல் செல்லும் என்பதற்கு 1979-ல் தாமஸ் கவரும் அப்பாஸ் எல் கமலும் வரம்புகள் வகுத்தார்கள். பொதுவான ரிலே தடத்தின் முழுக் கொள்ளளவு இன்றுவரை விடை காணப்படாத கணக்கு.

பேட்டரி எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்வி பின்னால்தான் வந்தது. தரையை ஒட்டிச் செல்லும் ரேடியோ அலைக்குத் தேவையான ஆற்றல், தூரத்தின் நான்காம் அடுக்கு வரை ஏறக்கூடும். அப்படியானால் பாதித் தூரத்துக்குப் பதினாறில் ஒரு பங்கு போதும். நடுவில் ஒரு ரிலே வைத்தால் மொத்தச் செலவு எட்டில் ஒரு பங்கு. காகிதத்தில் கொள்ளை லாபம். ஆனால் ரிலே வேலையை ஒரே கருவி சுமந்தால் அது முதலில் சாகும். அதனால் மற்றவற்றின் செய்திகளைக் கடத்தும் தலைமைப் பொறுப்பைக் கருவிகள் முறைவைத்து ஏற்கும் 'லீச்' நெறிமுறையை 2000-ல் எம்.ஐ.டி.யில் வெண்டி ஹைன்செல்மன், சென்னையில் பிறந்த அனந்த சந்திரகாசன், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஹரி பாலகிருஷ்ணன் மூவரும் முன்வைத்தனர்.

காகிதக் கணக்கு களத்தைச் சந்தித்த இடம் அமெரிக்காவின் மெய்ன் கடலோரத்திலுள்ள கிரேட் டக் தீவு. அங்கே வளை தோண்டிக் கூடுகட்டும் பெட்ரல் பறவைகள், ஆள் நடமாட்டத்தால் தொந்தரவுற்றால் கூட்டையே கைவிட்டுவிடக்கூடும். பறவைகளைத் தொந்தரவு செய்யாமல் கவனிக்க, பெர்க்லி ஆய்வாளர்கள் 2002 கோடையில் 32 'மைக்கா' கருவிகளை வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஏஏ பேட்டரிகள். 2,200 மில்லியாம்பியர்-மணி மின்சாரம் ஒன்பது மாதம் வரவேண்டும். அதாவது நாளுக்கு எட்டுக்குச் சற்று மேல். ஒரு செய்திப் பொட்டலம் அனுப்ப 20 நானோஆம்பியர்-மணி போதும். ரேடியோவைத் திறந்து வெறுமனே கேட்டிருக்கவோ மில்லிநொடிக்கு 1.25 ஆகும். ஒரு நொடி காதைத் திறந்து வைத்திருக்கும் செலவில் அறுபதுக்கும் மேற்பட்ட பொட்டலங்களை அனுப்பிவிடலாம்!

2003-ல் அதே தீவில், செய்தி கருவிக்குக் கருவி தாவிச் செல்லும் பலதாவல் ரிலே வலையும் அமைந்தது. தமக்கு உரியதல்லாத செய்திகளையும் கேட்டே ஆகவேண்டிய நிலையில் கருவிகளின் பேட்டரி எதிர்பார்த்ததைவிட விரைவாகக் கரைந்தது.

தற்செயலாகக் காதில் விழும் இதே செய்தியைத்தான் கூட்டுறவு ரிலே கோட்பாடு மூலதனமாக்கியது. லேன்மன், ட்சே, வோர்னல் ஆகியோர் 2004-ல் விளக்கிய வழிகளில் முக்கியமானவை இரண்டு: பக்கத்துக் கருவி தன் காதில் விழுந்த அலையை அப்படியே பெருக்கி அனுப்பலாம், அல்லது செய்தியாகப் படித்து, புதிதாக அனுப்பலாம். நேர்வழி அலை மங்கினாலும் மறுவழியில் செய்தி சேரும். அதே ஆண்டு ஷுகுவாங் குய், ஆண்ட்ரியா கோல்ட்ஸ்மித், அகமது பஹாய் மூவரும் சுற்றமைப்புகள் குடிக்கும் மின்சாரத்தையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தார்கள். கிட்டத்துக்குத் தனியாக அனுப்புவதே சிக்கனம். குறிப்பிட்ட தூரத்தைத் தாண்டினால்தான் கூட்டுறவு லாபம் தரும் என்பது அவர்கள் கண்ட விடை.