கிளிஃபர்ட் பியர்: கட்டடம் நிக்குது, படகு எங்கே?

இன்னிக்குப் பதிவு கொஞ்சம் நீளம். எம்ஆர்டியில் படிக்க ஆரம்பிச்சா இறங்க வேண்டிய ஸ்டேஷன் தாண்டிடும், வீட்டுக்குப் போய் நிதானமா படிங்க.

2023 பிப்ரவரி 12ஆம் தேதி சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் குடமுழுக்குக்கு நம்மில் நிறைய பேர் போயிருப்போம். அந்தக் கோயிலிலிருந்து கடல் பக்கமா கால்மணி நேரம் நடந்தா இன்னொரு பழைய இடம் இருக்கு. அங்கேயும் ஒரு விதத்தில் திருப்பணி நடந்தது. காலியர் கீயில் இருக்கிற கிளிஃபர்ட் பியர் படகுத்துறையைத்தான் சொல்றேன். இப்போ அது ஃபுல்லர்டன் பே ஹோட்டலோட ஒரு பகுதி. ஹோட்டல் வாசல் மாதிரி தெரியறதால நம்ம ஆளுங்க பலர் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கிறதில்லை.

முதலில் அங்கே இருந்தது ஜான்ஸ்டன் பியர். 1850களில் கட்டினது. சிங்கப்பூர் தொடங்கின காலத்திலேயே கடை போட்ட ஜான்ஸ்டன் என்ற வியாபாரியின் பெயரை வைத்தார்கள். கப்பல்காரர்களுக்கு வழி தெரிய அங்கே சிவப்பு விளக்கு ஒன்று தொங்கும். அதனால சீனரும் மலாய்க்காரரும் அந்த இடத்தைச் சிவப்பு விளக்குத் துறைன்னே அவங்கவங்க மொழியில் கூப்பிட்டாங்க. (தமிழ்ல சொன்னா வேற அர்த்தம் வந்துடுது, சிரிக்காதீங்க.) அந்தத் துறை பழசாகிப் போச்சு. பக்கத்திலேயே காங்கிரீட்டில் புதுசு கட்டி 1933 ஜூன் 3ஆம் தேதி திறந்தாங்க. வடிவமைச்சவர் பொதுப்பணித் துறையின் ஃபிராங்க் டாரிங்டன் வார்ட். இன்னிக்கு நேஷனல் கேலரியாக இருக்கிற பழைய உச்ச நீதிமன்றமும் அவர் கைவேலைதான். உள்ளே போய் அண்ணாந்து பாருங்க, கூரையைத் தாங்கி வரிசையா வளைவுகள். நடுவில் ஒரு தூண்கூட இல்லை. மூட்டை முடிச்சோட ஜனங்க தடையில்லாம நடக்கணும்னு யோசிச்சுக் கட்டின கூரை அது.

புதுத்துறைக்கு முன்னாள் ஆளுநர் ஹியூ கிளிஃபர்ட் பெயரை வைத்ததில் அப்பவே சண்டை. ஜான்ஸ்டன் பெயரை ஏன் எடுத்தீங்கன்னு கோபப்பட்டு வியாபாரிகள் சிலர் திறப்பு விழாவையே புறக்கணிச்சாங்க. ஒரு படகுத்துறைப் பெயருக்கு இவ்வளவு ரோஷம்! ஆனா பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் சனங்க வாயில் அது கடைசிவரை சிவப்பு விளக்குதான்.

சரி, இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. நிறைய இருக்கு.

1819இல் நாராயண பிள்ளை பினாங்கிலிருந்து ராஃபிள்ஸ் கூடக் கப்பலில் வந்து இறங்கினார். கோயில் கட்ட இடம் கேட்டப்போ முதலில் கொடுத்தது தெலுக் ஆயர் ஸ்திரீட்டில். அன்னிக்கு அதுதான் கடற்கரை. ஆனா பூசைக்கு நல்ல தண்ணி கிடைக்காததால அந்த இடம் ஒத்து வரலை. கடைசியில் 1823இல் சவுத் பிரிட்ஜ் ரோட்டு நிலம் கிடைச்சு, 1827இல் மரமும் அத்தாப்பும் வைத்து அம்மனுக்குக் கோயில் எழும்பியது. இதில் ஒரு வேடிக்கை. 2008இல் மரினா தடுப்பணை வந்த பிறகு கிளிஃபர்ட் பியர் முன்னாடி இருக்கிற தண்ணி கடல் தண்ணியே இல்லை, நீர்த்தேக்கம். நல்ல தண்ணிக்காகக் கரையை விட்டு உள்ளே போன அம்மனைத் தேடி இருநூறு வருஷம் கழிச்சு நல்ல தண்ணி கரைக்கு வந்திருக்கு. எனக்கு இதை நினைச்சா ஒரு மாதிரி சிலிர்க்கும்.

காலியர் கீயின் கடல் சுவரை 1860களில் எழுப்பினதில் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகளோட உழைப்பு இருக்கு. நங்கூரம் போட்ட கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்கு ஏத்தி இறக்கின தொங்கான் படகுகளில் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி சோழமண்டலக் கரை ஆளுங்கதான் அதிகம். அதுக்கப்புறம்தான் அந்தத் தொழில் சீனர்கள் கைக்குப் போச்சு. துறைக்கு எதிரே சேஞ்ச் ஆலியில் காசு மாத்தினவங்க நம்ம ஊர் முஸ்லிம் வியாபாரிகள். அதுக்குப் பின்னால் மார்க்கெட் ஸ்திரீட், நம்ம ஆளுங்க வாயில் செட்டித் தெரு. அங்கே கிட்டங்கியில் நகரத்தார் பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கு எழுதினாங்க. ஒரு துறையைச் சுத்தி இத்தனை தமிழ்க் குரல்.

ஒண்ணை மட்டும் கூட்டிச் சொல்லக் கூடாது. ‘எங்க தாத்தா ராஜுலாவில் வந்து கிளிஃபர்ட் பியரில் இறங்கினார்’னு அன்னதானப் பந்தியில் அடிக்கடி கேட்கிறேன். எல்லாரும் அங்கே இறங்கலை. பெரிய கப்பல்கள் தஞ்சோங் பகார் பக்கம் துறையில் கட்டும். நடுக்கடலில் நின்ன கப்பலிலிருந்து சின்னப் படகில் வந்தவங்களும், தீவுகளுக்குப் போய் வந்தவங்களும், மாலுமிகளும்தான் கிளிஃபர்ட் பியர் படியேறினவங்க. அதுக்கு முன்னாடி செயின்ட் ஜான்ஸ் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் நாள் கணக்கா அடைபட்டுக் கிடந்த தமிழர்கள் எத்தனையோ பேர். 1926இலிருந்து 1973 வரை நாகப்பட்டினத்துக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே ஓடின ராஜுலாவுக்கு அந்தத் துறையை ஒட்ட வைக்காமலே நம்ம கதை பெருசுதான்.

2006இல் துறையை மூடினாங்க. படகுகள் மரினா சவுத் பியருக்குப் போயிடுச்சு. ஒன்பதாம் சீன மாசத்தில் குசு தீவுக்குப் போற யாத்திரிகர்கள், அதுவரை கையில் ஊதுபத்தியும் பழமும் வைச்சுக்கிட்டு இங்கேதான் வரிசையில் நின்னாங்க, அவங்களும் இடம் மாறிட்டாங்க. 2007இல் கட்டடத்துக்குப் பாதுகாப்புத் தகுதி கிடைச்சது. இடிக்காம, வளைவுகளை மறைக்காம, அழகாப் புதுப்பிச்சு உணவகமும் விழாக்கூடமுமாக ஆக்கினாங்க. ஹோட்டல் மாடியில் இருக்கிற மதுக்கூடத்துக்கு லேன்டர்ன்னு பெயர், பழைய சிவப்பு விளக்கு ஞாபகமா. வேலைத்தரத்தில் நான் குறை சொல்ல மாட்டேன். இடிச்சுத் தள்ளின எத்தனையோ இடங்களை நினைச்சா இது பெரிய காரியம்.

ஆனாலும் கோயில் திருப்பணி பார்த்துப் பழகின கண்ணுக்கு ஏதோ உறுத்துது. நாம பாலாலயம் பண்றப்போ சுவாமியோட சக்தியைத் தற்காலிகமா வேற இடத்துக்கு மாத்தறோம். வர்ணம் பூசி, விமானம் பழுது பார்த்து முடிஞ்சதும் மறுபடி மூலஸ்தானத்துக்குக் கொண்டு வந்தாத்தான் வேலை பூர்த்தி. கிளிஃபர்ட் பியரில் முதல் பாதி நடந்தது. படகு திரும்பி வரலை, தடுப்பணை இருக்கிறவரை வரவும் முடியாது. அதுக்கு யார் மேலயும் கோபப்பட்டுப் பிரயோசனமில்லை, நாட்டுக்குத் தண்ணி முக்கியம்.

இதுக்கு நேர்மாறா மார்க்கெட் ஸ்திரீட்டைப் பாருங்க. தைப்பூசத்துக்கு முந்தின நாள் தண்டாயுதபாணி வெள்ளி ரதத்தில் கியோங் சாய்க் ரோட்டு லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குப் போய்த் திரும்புறப்போ, பழைய கிட்டங்கிகள் இருந்த இடத்தில் நிற்பார். அங்கே இப்போ கிட்டங்கியும் இல்லை, பெட்டியடியும் இல்லை, வானத்தை முட்டற ஆபீஸ் கட்டடங்கள்தான். ஆனா சுவாமி நிற்கிறார், தேங்காய் உடைக்கிறோம். கழுத்தில் ஆபீஸ் அட்டையோட காபி வாங்க இறங்கினவங்களும் ஒரு நிமிஷம் நின்னு பார்க்கிறாங்க. ஒரு இடத்தில் கட்டடம் போயும் வழக்கம் நிக்குது, இன்னொரு இடத்தில் கட்டடம் நின்னும் வழக்கம் போயிடுச்சு. இரண்டுக்கும் நடுவே நடை தூரம் பத்து நிமிஷம்கூட இல்லை.

அதனால தொண்டூழியர்கள் சார்பா ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட மூணு விஷயம் கேட்டு எழுதி வைங்க: எந்தக் கப்பல், எந்த வருஷம், கரையில் கூட்டிட்டுப் போக யார் வந்தாங்க. மூணாவது கேள்விக்குத்தான் நல்ல பதில் வரும். மாமா வந்தார், ஊர்க்காரர் வந்தார், யாருமே வரலை கோயிலுக்குப் போய்ப் படுத்தேன்... இப்படி. கிளிஃபர்ட் பியரில் எடுத்த பழைய படம், தகரப் பெட்டி, கப்பல் டிக்கெட், பழைய பாஸ்போர்ட் எது இருந்தாலும் தூக்கிப் போடாதீங்க. படம் பிடிச்சு, பின்னணியைத் தமிழில் நாலு வரி எழுதி எனக்கு அனுப்புங்க. எண்பது வயசு தாண்டினவங்க வீட்ல இருந்தா இந்த வாரமே கேளுங்க, தீபாவளி கழியட்டும்னு தள்ளிப் போடாதீங்க.

நேரில் பார்க்கணும்னா ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டியில் இறங்கி நடக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிச்சுட்டு தாத்தா பாட்டியைச் சக்கர நாற்காலியில் கூட்டிட்டுப் போனாலும் சிரமமில்லை, கரையோர நடைபாதை சமதளம்தான். கூரை வளைவுகளைப் பார்க்க மறக்காதீங்க.